இரண்டு காசுத் துடைப்பம்

டொமினியன் ஆட்டத்தில் இருப்பதிலேயே வலுவான சீட்டு எது? புதிதாக ஆட வந்தவரிடம் கேட்டால் யோசிக்காமல் கோல்டைக் காட்டுவார். பெயரிலேயே தங்கம், மூன்று காசு தருகிறது, வேறென்ன வேண்டும்! பத்துப் பதினைந்து ஆட்டம் ஆடிப் பார்த்தவர் விட்ச் என்பார், லேபரட்டரி என்பார். இரண்டும் ஐந்து காசு கொடுத்து வாங்க வேண்டிய சீட்டுகள். படித்த உடனே பலம் தெரிந்துவிடும். இன்னும் நிறைய ஆடி, நிறைய தோற்று, கணக்கெல்லாம் போட்டுப் பார்த்தவரிடம் கேளுங்கள். சாப்பல் என்பார்.

சாப்பலின் விலை இரண்டே காசு. அதில் இருப்பது ஒரே ஒரு வரி. கையில் உள்ள சீட்டுகளில் நான்கு வரை ட்ராஷ் செய்யலாம், அவ்வளவுதான். காசு தராது. புதுச் சீட்டு இழுக்க விடாது. எதிராளியைச் சீண்டாது. புள்ளியும் கிடையாது. உன்னிடம் இருப்பதைத் தூக்கி எறி என்கிறது, அதற்கு இரண்டு காசும் வாங்கிக்கொள்கிறது!

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. டொமினியன் 2008-இல் ரியோ கிராண்டே கேம்ஸ் வெளியிட்டது. உருவாக்கியவர் டொனால்ட் எக்ஸ். வக்காரினோ என்ற அமெரிக்கர். 2009-இல் ஜெர்மனியின் ஷ்பீல் டெஸ் யாரெஸ் விருது கிடைத்தது. (பலகை ஆட்டங்களுக்கு ஆஸ்கர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அதற்கு முன்பு மேஜிக் போன்ற ஆட்டங்களில் வீட்டிலேயே உட்கார்ந்து சீட்டுக்கட்டைத் தயாரித்துக்கொண்டு வந்து ஆடுவார்கள். யார் அதிகம் செலவு செய்து நல்ல சீட்டு வாங்கி வைத்திருக்கிறாரோ அவர் கை ஓங்கும். டொமினியனில் கட்டைத் தயாரிப்பதே ஆட்டம். எல்லோரும் ஒரே மாதிரியான பத்துச் சீட்டுகளோடு தொடங்குகிறார்கள். ஏழு காப்பர், மூன்று எஸ்டேட். காப்பர் ஒவ்வொன்றும் ஒரு காசு. எஸ்டேட் ஒவ்வொன்றும் கடைசியில் ஒரு புள்ளி, ஆனால் ஆட்டம் நடக்கும்போது சுத்த தண்டம்.

ஒவ்வொரு சுற்றிலும் கையில் ஐந்து சீட்டு. ஒரு ஆக்ஷன் சீட்டை இறக்கலாம், கையிலுள்ள காசுக்கு ஒரு சீட்டு வாங்கலாம். வாங்கியது, ஆடியது, மிச்சம் எல்லாம் கழித்த குவியலுக்குப் போகும். கட்டு தீர்ந்ததும் அந்தக் குவியலைக் கலைத்துப் புதிய கட்டாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆக இன்று வாங்கிய சீட்டு நாளை கைக்கு வரும், எல்லாம் ஒரு சுழற்சி. ட்ராஷ் என்பது வேறு. ட்ராஷுக்குப் போன சீட்டு அந்த ஆட்டத்தில் திரும்பி வராது. மேசை நடுவில் பத்து வகை ஆக்ஷன் சீட்டுகள் விற்பனைக்கு இருக்கும். முதல் பதிப்பில் மொத்தம் 25 வகை, அதிலிருந்து பத்தைப் பொறுக்கினால் 32,68,760 விதமான மேசைகள் வரும். இத்தனை விதமான மேசைகளில் பெரும்பாலானவற்றில், சாப்பல் இருந்தால் முதல் இரண்டு சுற்றுக்குள் அதை வாங்குவதுதான் சரி. இது கொஞ்சம் பயமுறுத்துகிற விஷயம்.

ஏன் அப்படி? கணக்குதான். ஜெயிக்க வேண்டுமென்றால் ப்ராவின்ஸ் வாங்க வேண்டும், ஆறு புள்ளி, விலை எட்டு காசு. ஐந்து சீட்டில் எட்டு காசு வர வேண்டுமானால் ஒரு சீட்டுக்குச் சராசரி 1.6 காசு. தொடக்கக் கட்டின் சராசரி 0.7. ஒன்றையும் எறியாமல், கோல்டாக வாங்கி அடுக்கியே சராசரியை 1.6-க்கு ஏற்றுவதென்றால் எத்தனை கோல்டு வேண்டும்? ஏழு! பத்துச் சீட்டில் ஏழு காசு, அதோடு ஏழு கோல்டு சேர்ந்தால் 17 சீட்டில் 28 காசு. அப்போதுதான் கோடு தாண்டுகிறது. ஒரு கோல்டின் விலை ஆறு காசு, அதுவும் ஆரம்பத்தில் கைக்கு வருவதோ மூன்றும் நாலும்தான். மலை ஏறுகிற மாதிரி.

இப்போது மறுபக்கம். பத்துத் தொடக்கச் சீட்டுகளையும் எறிந்துவிட்டால்? இரண்டு கோல்டு, ஒரு சில்வர், ஒரு சாப்பல், இன்னொரு ஏதோ சீட்டு. மொத்தமே ஐந்து. ஒவ்வொரு சுற்றிலும் அதே ஐந்தும் கைக்கு வரும், ஒவ்வொரு சுற்றிலும் எட்டு காசு. ஏழு கோல்டு செய்த வேலையை இரண்டு கோல்டு செய்துவிடுகிறது. (இதே ஐந்து சீட்டோடு நின்றுவிட முடியாது. முதல் ப்ராவின்ஸ் வாங்கிய உடனே கட்டு ஆறு சீட்டாகி, அதில் ஒன்று தண்டச் சீட்டாகிவிடும். அதைப் பற்றிப் பிறகு.)

கணக்கைச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. கையில் நான்கு காப்பரும் ஒரு சாப்பலும் வரும்போதுதான் பிரச்சினை. நான்கையும் எறிந்தால் அந்தச் சுற்றில் வாங்க ஒன்றும் இல்லை. எறியாவிட்டால் ஒரு சில்வர் வாங்கலாம். எதிரே இருப்பவர் எதையோ வாங்கிக்கொண்டிருக்கிறார். இங்கே இருப்பவர் கையில் இருந்த காசையும் குப்பையில் போட்டுவிட்டு வெறுங்கையோடு உட்கார வேண்டும். மனசு வருமா?

கணக்குச் சொல்ல வசதியாக ஒரு அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இருவரும் முதல் சுற்றில் நான்கு காப்பர் வந்து சில்வர் வாங்குகிறார்கள், இரண்டாவதில் மூன்று காப்பர் வந்து சாப்பல் வாங்குகிறார்கள். இப்போது இருவர் கட்டும் 12 சீட்டு. மூன்றாம் சுற்றில் அக்கா கையில் சாப்பல், இரண்டு எஸ்டேட், இரண்டு காப்பர். நான்கையும் எறிகிறாள்.

"அக்கா, காசை யாராவது குப்பையில போடுவாங்களா?"

"நீ உன் ஆட்டத்தைப் பாருடா."

அவள் அந்தச் சுற்றில் ஒன்றும் வாங்கவில்லை. நாலாம் சுற்றில் சில்வர், மூன்று காப்பர், ஓர் எஸ்டேட். ஐந்து காசு. ஒரு லேபரட்டரி வாங்குகிறாள். (லேபரட்டரி இறக்கினால் இரண்டு சீட்டு இழுக்கலாம், இன்னொரு ஆக்ஷனும் கிடைக்கும்.) ஐந்தாம் சுற்றில் சாப்பல் மறுபடி வருகிறது, கூடவே மிச்சமிருந்த எஸ்டேட்டும் மூன்று காப்பரும். மறுபடி நான்கும் ட்ராஷ், மறுபடி வெறுங்கை. தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இப்போது அவள் கட்டில் மொத்தமே ஐந்து சீட்டு: இரண்டு காப்பர், ஒரு சில்வர், லேபரட்டரி, சாப்பல். ஐந்து சுற்று ஆடியவள் கையில் நான்கே காசு. தொடங்கும்போது ஏழு இருந்தது!

ஆறாம் சுற்றில் அந்த நான்கு காசுக்கு ஒரு சில்வர். ஏழாம் சுற்றில் லேபரட்டரி கைக்கு வந்தால் (ஆறில் ஐந்து பங்கு வாய்ப்பு) கட்டு முழுவதும் ஒரே சுற்றில் கைக்கு வந்துவிடுகிறது. ஆறு காசு, ஒரு கோல்டு. எட்டாம் சுற்றில் அதேபோல முழுக் கட்டும் கைக்கு வந்தால் ஒன்பது காசு.

தம்பியும் சாப்பல் வாங்கினான், ஆனால் எஸ்டேட்டுகளை மட்டும்தான் எறிந்தான். காப்பர் காசாயிற்றே! ஒரு சுற்றும் வீணாக்காமல் ஏதாவது வாங்கிக்கொண்டே வந்தான். எட்டாம் சுற்றுத் தொடக்கத்தில் அவனிடம் ஏழு காப்பர், நான்கு சில்வர், ஒரு கோல்டு, அந்தச் சாப்பல் இருப்பதாகக் கொள்ளலாம். 13 சீட்டு, 18 காசு. அக்காவிடம் ஒன்பதே காசு. சரியாக இரு மடங்கு பணக்காரன். ஆனால் அவன் கைக்கு ஒரு சுற்றில் சராசரியாக வருவது ஏழுக்குக் கொஞ்சம் குறைவு, அக்காவுக்கு வருவது ஒன்பது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடும். ஸ்டாக் டர்ன்ஓவர்! தம்பியின் கோல்டு 13 சீட்டுகளுக்கு நடுவில் கிடக்கிறது. சுற்றுக்கு ஐந்து சீட்டு என்றால் ஏறத்தாழ 2.6 சுற்றுக்கு ஒரு முறைதான் அது கைக்கு வரும். சுற்றுக்கணக்கில் பார்த்தால் மூன்று காசுக் கோல்டு அவனுக்குச் சம்பாதித்துத் தருவது சுமார் 1.15 காசு. அக்காவின் கோல்டு ஏறக்குறைய ஒவ்வொரு சுற்றிலும் வருகிறது. அதே சீட்டு, அதே ஆறு காசு விலை, வருமானம் மட்டும் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. கடையில் சரக்கு நிறைய இருப்பது வேறு, சரக்கு ஓடுவது வேறு. குடோனில் பத்து வருஷமாகக் கிடக்கிற சரக்கையும் பேலன்ஸ் ஷீட்டில் சொத்து என்று காட்டி வைத்திருக்கும் கடைக்காரர் மாதிரிதான் தம்பி. ரைட் ஆஃப் செய்யக் கை வரவில்லை.

காப்பர் என்ன தப்பு செய்தது என்று கேட்கலாம். எஸ்டேட்டை எறிவது புரிகிறது, அது வெறும் பூஜ்யம். காப்பர் ஒரு காசாவது தருகிறதே? தருகிறதுதான். ஆனால் கையில் இருப்பது ஐந்து இடம். சராசரியாக 1.6 வர வேண்டிய இடத்தில் ஒன்றைத் தருகிற சீட்டு 0.6 நஷ்டம். எஸ்டேட் 1.6 நஷ்டம். அளவுதான் வித்தியாசம். ஆரம்பத்தில் காப்பர் சராசரிக்கு மேலே இருக்கிற சீட்டு (0.7-க்கு 1 மேல்தானே). நல்ல சீட்டுகள் சேரச் சேர அதே காப்பர் சராசரிக்குக் கீழே போய்விடுகிறது. காப்பர் மாறவே இல்லை, அதைச் சுற்றி இருப்பவை மாறிவிட்டன. தம்பிகளுக்குப் பிடிபடாதது இதுதான்.

கையில் இருப்பதை விட மனசு வராததற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. கானமன், நெட்ஸ், தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட கட்டுரையில் காபிக் கோப்பையை வைத்து ஒரு சோதனை. பாதிப் பேருக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்களிடம், என்ன விலை தருவீர்கள் என்று கேட்டார்கள். விற்பவர்கள் கேட்டது வாங்குபவர்கள் தரத் தயாராக இருந்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கோப்பை கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், அதற்குள் அது "என்னுது". தொடக்கக் காப்பர் ஏழும் இலவசமாக வந்தவைதான். ஆனாலும் என்னுது.

இன்னொன்றும் உண்டு. 2021-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு. ஆட்டம் காணும் ஒரு லெகோ கட்டுமானத்தை உறுதியாக்கச் சொன்னார்கள். புதிதாகக் கட்டை சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் பத்து சென்ட் பிடித்துக்கொள்வார்கள். ஒரு கட்டையை எடுத்துவிட்டாலே போதும், கூரை கீழே இறங்கி உட்கார்ந்துவிடும், அதற்குக் காசும் இல்லை. ஆனாலும் நிறையப் பேர் காசு கொடுத்துச் சேர்த்தார்கள். எடுப்பதற்குக் காசு கிடையாது என்று ஒரு வரி நினைவூட்டியதும் எடுப்பவர்கள் எண்ணிக்கை நன்றாகவே கூடியது. எடுக்கலாம் என்பது பலருக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் விஷயம். சாப்பல் அந்த நினைவூட்டல் வரியைச் சீட்டாக அச்சடித்து விற்கிறது. அப்படியும் வாங்காமல் போகிறார்கள்!

சரி, வாங்கியாயிற்று. எப்படி ஆடுவது?

முதல் இரண்டு சுற்றிலும் சேர்த்து ஏழு காசு வரும். அது 4-3 அல்லது 3-4 ஆகப் பிரிவதற்கு ஆறில் ஐந்து பங்கு வாய்ப்பு. அப்போது சில்வரும் சாப்பலும். 5-2 ஆகவோ 2-5 ஆகவோ பிரிந்தால் அதிர்ஷ்டம்தான். ஐந்துக்கு லேபரட்டரி, மார்க்கெட், விட்ச் என்று ஏதாவது ஒன்று, இரண்டுக்குச் சாப்பல். சாப்பல் இல்லாத மேசையில் இரண்டு காசு மிஞ்சினால் முகத்தைச் சுளிப்பார்கள், இருக்கிற மேசையில் அதைவிட நல்ல ஆரம்பம் அபூர்வம்.

இரண்டு சாப்பல் வாங்கலாமா? வேண்டாம். எறிய வேண்டியவை பத்து, ஒரு முறைக்கு நான்கு, மூன்றே முறையில் வேலை முடிந்துவிடும். இரண்டாவது சாப்பல் வந்து பார்க்கும்போது பெருக்குவதற்குக் குப்பையே இருக்காது. வாங்கிய சாப்பல் மூன்றாம் நாலாம் சுற்றில் வராமல் அடியில் மாட்டிக்கொள்ள ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதற்குப் பயந்து இரண்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மழை வரும் என்று இரண்டு குடை எடுத்துப் போகிற மாதிரி.

எறிகிற வரிசை எளிது. முதலில் எஸ்டேட், பிறகு காப்பர். ஆரம்பச் சுற்றுகளில் தயங்காமல் நான்கு நான்காகவே எறிய வேண்டும். சாப்பலும் நான்கு காப்பரும் வந்தால் நான்கும் போகட்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு, அதில்தான் ஆர்வக்கோளாறுகள் மாட்டிக்கொள்கிறார்கள். கட்டில் மிச்சமிருக்கும் மொத்தக் காசு மூன்றுக்குக் கீழே போய்விடக் கூடாது. ஒரு சில்வரை மட்டும் வைத்துக்கொண்டு ஏழு காப்பரையும் எறிந்துவிட்டால் கையில் இரண்டே காசு, சில்வரின் விலை மூன்று. அப்புறம் மறுபடி காப்பர் வாங்கித்தான் எழுந்திருக்க வேண்டும். பார்க்கப் பாவமாக இருக்கும். மூன்று காசு மிஞ்சினால் சில்வர் வாங்கி மெதுவாக எழலாம், நான்கு ஐந்து மிஞ்சினால் இன்னும் நிம்மதி. அக்கா ஐந்தாம் சுற்றில் நான்கில் நிறுத்தினாள், கவனியுங்கள்.

நடுவில் வரும் சங்கடம் இதைவிடப் பெரியது. கையில் சாப்பல், சில்வர், மூன்று காப்பர். ஐந்து காசுக்கு ஒரு லேபரட்டரி வாங்கலாம், அல்லது மூன்று காப்பரையும் எறியலாம். இதற்கு எல்லா மேசைக்கும் பொருந்துகிற பதில் கிடையாது. கட்டில் ஐந்து காசுச் சீட்டு இன்னும் ஒன்றுகூட இல்லை என்றால் வாங்குவது பெரும்பாலும் நல்லது, ஒன்று இருந்தால் எறிவது நல்லது. அரைகுறையாக ஒரு காப்பரை மட்டும் எறிந்துவிட்டு நான்கு காசுக்கு சில்வர் வாங்குவதுதான் பலர் செய்வது, அதுதான் மூன்றிலும் மோசம். லேபரட்டரியும் போச்சு, காப்பரும் பாதி அப்படியே.

பிறகு ப்ராவின்ஸ். மெலிந்த கட்டின் பலவீனம் இங்கேதான் தெரியும். ப்ராவின்ஸ் வாங்கினால் ஆறு புள்ளி, ஆனால் கட்டுக்குள் அதுவும் எஸ்டேட் மாதிரிதான். கையில் வந்தால் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். 30 சீட்டுக் கட்டில் ஒன்று விழுந்தால் தெரியாது, ஏழு சீட்டுக் கட்டில் விழுந்தால் மூச்சு முட்டும். எட்டாம் சுற்றில் அக்கா கையில் ஒன்பது காசு இருந்ததே, உடனே ப்ராவின்ஸ் வாங்கலாம். பொறுத்து இன்னொரு கோல்டு வாங்கினால்? எட்டுச் சீட்டு, 12 காசு. லேபரட்டரி கைக்கு வந்துவிட்டால் எட்டில் ஏழு சீட்டைப் பார்த்துவிடலாம். விட்டுப்போன அந்த ஒரு சீட்டு கோல்டாகவே இருந்தாலும் ஒன்பது காசு மிஞ்சும், ப்ராவின்ஸ் நிச்சயம். லேபரட்டரி வராமல் போனாலும் மற்ற ஏழில் ஐந்து வரும், சராசரி எட்டரைக்கு மேல். ஒரு சுற்று பொறுப்பதற்கு இது நல்ல கூலி. இரண்டு சுற்று பொறுப்பது பேராசை, ஏனென்றால் இருவர் ஆட்டத்தில் ப்ராவின்ஸ் எட்டுதான் இருக்கிறது, தம்பியும் எடுத்துக்கொண்டிருப்பான்.

சாப்பலை எதிர்க்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. முதல் பதிப்பில் தீஃப் என்ற சீட்டு உண்டு. எதிராளியின் கட்டில் மேலே இருக்கும் இரண்டு சீட்டைத் திருப்பி, அதில் ஒரு காசுச் சீட்டைப் பறிக்கும். காப்பர் நிறைந்த கட்டில் தீஃப் நுழைந்தால் பெரும்பாலும் காப்பர்தான் மாட்டும், வீட்டுக்காரருக்கு உபகாரம். காப்பரே இல்லாத கட்டில் நுழைந்தால் கோல்டு போகும். இரண்டாம் பதிப்பில் தீஃப் போய் பேண்டிட் வந்தது. அது காப்பரைத் தொடவே தொடாது, சில்வரும் கோல்டும்தான் குறி. இந்தச் சீட்டுகள் மேசையில் இருந்து எதிராளி வாங்கியும்விட்டால், இரண்டு மூன்று காப்பரை வைத்துக்கொள்வது பிசினாரித்தனம் ஆகாது. கட்டுக்கு மேலே அவையும் வந்து நின்றால் அத்தனை தரம் கோல்டு தப்பிக்கும்.

கார்டன்ஸ் வேறு மாதிரிச் சங்கடம். கட்டில் பத்துச் சீட்டுக்கு ஒரு புள்ளி தருகிற சீட்டு அது. குப்பை சேர்க்கச் சேர்க்கப் புள்ளி! கார்டன்ஸும் வொர்க்ஷாப்பும் சேர்ந்திருக்கிற மேசையில் ஒருவர் கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு, மூன்று குவியலைக் காலி செய்து ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிட முடியும். சாப்பல்காரர் பெருக்கித் துடைத்து முடிப்பதற்குள் கல்யாணம் முடிந்து பந்தியும் எடுத்திருப்பார்கள். விட்ச் மேசை இதற்கு நேர் எதிர். எதிராளி ஒவ்வொரு முறையும் ஒரு கர்ஸ் சீட்டை, அதாவது மைனஸ் ஒரு புள்ளியை, உங்கள் கட்டில் திணிப்பார். அங்கே சாப்பல் கடைசிவரை வேலை செய்யும்.

இதில் நியாயம் பற்றிய ஒரு கேள்வியும் இருக்கிறது. ஒரே மேசையில் ஒருவர் சாப்பலின் அருமை தெரிந்தவர், இன்னொருவர் புதியவர் என்றால் ஆட்டம் இரண்டாம் சுற்றிலேயே பாதி முடிந்துவிடுகிறது. புதியவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. தெரிந்தவர் காசையெல்லாம் குப்பையில் போட்டார், ஒன்றும் வாங்காமல் இருந்தார், அப்புறம் திடீரென்று ப்ராவின்ஸாக வாங்கித் தள்ளினார். மாயம் மாதிரி இருக்கும். வக்காரினோவுக்கும் பதிப்பாளருக்கும் இது தெரிந்திருக்குமோ என்னவோ, விதிப் புத்தகம் முதல் ஆட்டத்துக்கென்று பரிந்துரைக்கும் பத்துச் சீட்டில் சாப்பல் கிடையாது. 2016-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது ஆறு சீட்டுகளை நீக்கினார்கள். சாப்பல் அதே இரண்டு காசு விலையில் அப்படியே இருந்தது.

புதியவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமா? "அவங்களே கண்டுபிடிக்கட்டும், அதுதானே சுகம்" என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படிச் சொல்கிறவர் அந்தச் சுகத்தைப் புதியவருக்காகக் காப்பாற்றுகிறாரா, தன் வெற்றியைக் காப்பாற்றுகிறாரா என்பது அவருக்கே வெளிச்சம். கணக்கு முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. முதல் சுற்றுக்கு முன்னால் "இந்தச் சீட்டைக் கொஞ்சம் கவனி, காப்பரையும் எறியலாம்" என்று ஒரு வரி போதும். லெகோ சோதனையில் சொன்ன அதே ஒரு வரி. அதைக் கேட்ட பிறகும் பாதிப் பேர் காப்பரை எறிய மாட்டார்கள், அது அவர்கள் பாடு. சொல்லியும் எறியாதவனை ஜெயிப்பதில் ஒரு குற்ற உணர்ச்சியும் தேவையில்லை :-)

டொமினியனுக்குப் பின்னால் வந்த ஆட்டங்கள் இந்தப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டன. 2019-இல் முழுதாக வெளியான ஸ்லே தி ஸ்பயர் என்ற கணினி ஆட்டத்தில் கடைக்காரரிடம் சீட்டு வாங்கலாம், அதே கடையில் காசு கொடுத்து ஒரு சீட்டை நீக்கவும் செய்யலாம். முதல் முறை 75 பொற்காசு, ஒவ்வொரு முறையும் 25 கூடிக்கொண்டே போகும். நீக்குவதற்கு எவ்வளவு மதிப்பு என்று அந்த விலையிலேயே தெரிகிறது. அதோடு ஒப்பிட்டால் ஒரே வீச்சில் நான்கைத் தூக்குகிற சாப்பல் அடிமாட்டு விலை.

பெருக்கி முடித்த பிறகு சாப்பலின் கதி என்ன? அதுவும் குப்பைதான். எட்டுச் சீட்டுக் கட்டில் ஒன்றும் தராத ஒரு சீட்டு. இறக்கப்பட்ட சாப்பல் கையில் இல்லாததால் தன்னைத்தானே எறிந்துகொள்ளவும் முடியாது. மேசையில் ரீமாடல் இருந்தால் சாப்பலை அதில் போட்டு நான்கு காசு வரையுள்ள சீட்டாக மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் அதைச் சுமந்துகொண்டுதான் ஆட வேண்டும்.

கடைசிக் கட்டத்தில் ஒரு கணக்கு மறக்கக் கூடாது. சாப்பல்காரர் தொடக்கத்தில் எறிந்த மூன்று எஸ்டேட்டும் மூன்று புள்ளி. சாப்பல் வாங்காத ஒருவரோடு ஆடி, ப்ராவின்ஸ்கள் நான்கு நான்காகப் பிரிந்தால் 24-க்கு 27 என்று தோல்விதான். அதனால் ப்ராவின்ஸ் குவியலில் இரண்டு மூன்று மிஞ்சும்போதே, எட்டு காசு வராத சுற்றுகளில் ஐந்து காசுக்கு டச்சி எடுக்கத் தொடங்கிவிட வேண்டும், அது மூன்று புள்ளி. அதற்கும் காசு போதாத கடைசிச் சுற்று என்றால், மூன்றாம் சுற்றில் குப்பையில் போட்டதே அந்த எஸ்டேட், அதே மாதிரி ஒன்றை இரண்டு காசு கொடுத்து வாங்க வேண்டும். எதிரே தம்பி எவ்வளவு சிரித்தாலும் பரவாயில்லை.